பேப்பர் தேர்வானது, போகப் பணம்தான் இல்லை: ஒரு ஆய்வு மாணவியின் அனுபவம்

கணினி அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக ஐ.ஐ.டி. மாதிரியான பெரிய நிறுவனங்களில் இல்லாமல், ஏதோ ஒரு பொறியியல் கல்லூரியின் ஆய்வு மையத்தில் இருந்துகொண்டு, தானே படித்து, தானே எழுதி, வெளிநாட்டு மாநாட்டுக்குப் பேப்பர், அதாவது ஆய்வுக் கட்டுரை, அனுப்புகிறவர்களுக்காக. பேப்பர் தேர்வானால் போய்வரப் பணம் யாரிடம் கேட்கலாம், எப்போது கேட்க வேண்டும், எந்தக் காகிதத்தைத் தொலைக்கவே கூடாது என்று 2023-இல் எனக்கு ஒருவர் சொல்லியிருந்தால் போதும், கிட்டத்தட்ட 1.5 லட்சம் ரூபாய் என் கையிலிருந்து போயிருக்காது. எனக்குக் கல்லூரி கொடுத்த உதவித்தொகை மாதம் 25,000 ரூபாய். அந்தக் கணக்கில் பார்த்தால் அந்த இழப்பு எவ்வளவு பெரியது என்று உங்களுக்கே புரியும்.

என் ஆய்வு தமிழ்ப் பேச்சை எழுத்தாக மாற்றும் மென்பொருள் பற்றியது. ஐரோப்பாவில் நடக்கும் ஒரு மாநாட்டுக்கு அனுப்பிய பேப்பர் தேர்வாகிவிட்டது என்று மே மாதம் மின்னஞ்சல் வந்தது. எங்கள் துறையில் அந்த மாநாட்டில் இதற்குமுன் யாருக்கும் பேப்பர் வந்ததில்லை. அன்று சாயங்காலம் வரை எல்லாரும் கைகுலுக்கினார்கள். என் நெறியாளர் மேடத்துக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம் அவர்தான் மெதுவாகக் கேட்டார்: "சரிம்மா, பணத்துக்கு என்ன பண்ணப் போறே?" இதைக் கேட்க வேண்டிய நேரம் பேப்பர் அனுப்புவதற்கு முன்பே வந்து போயிருந்தது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் படித்த காலத்தில் அவரும் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போனதில்லை. அதனால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் செலவு எந்த வரிசையில் வரும் என்று சொல்லிவிடுகிறேன். அந்த வரிசைதான் நம்மை நெருக்கும். பேப்பர் தேர்வானதும் ஆசிரியர்களில் ஒருவராவது பதிவுக் கட்டணம் கட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் மாநாடு வெளியிடும் கட்டுரைத் தொகுப்பில் பேப்பர் வராது. பல மாநாடுகளில் ஒரு பேப்பருக்கு ஒருவராவது முழுக் கட்டணம் கட்ட வேண்டும், மாணவர் சலுகைக் கட்டணம் அதற்குச் செல்லாது. எனக்கு அது 750 யூரோ, அப்போதைய மதிப்பில் 67,000 ரூபாய். கட்டணம் கட்டின பிறகுதான் அழைப்புக் கடிதம் தருவார்கள். அழைப்புக் கடிதம் இருந்தால்தான் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். விசா கையில் வரும்போது விமான டிக்கெட் விலை ஏறியிருக்கும். ஆக, போக முடியுமா என்றே தெரியாத கட்டத்தில் முதல் பெரிய தொகையைக் கட்டிவிட வேண்டியிருக்கிறது. கட்டிவிட்டுப் போகாமல் இருந்தாலும் சிக்கல்தான். வாசிக்காத பேப்பரைத் தொகுப்பிலிருந்து நீக்கும் உரிமையை ஐ.இ.இ.இ. என்ற பன்னாட்டுப் பொறியாளர் சங்கத்தின் மாநாடுகள் வெளிப்படையாகவே அறிவித்து வைத்திருக்கின்றன.

என் டெபிட் கார்டில் வெளிநாட்டுக் கட்டணம் போகவில்லை. அண்ணனின் கிரெடிட் கார்டில் கட்டினேன். நம் ஊர்க் கார்டுகள் பெரும்பாலும் வெளிநாட்டுப் பணத்துக்கு 3.5 சதவீதம் கூடுதலாக எடுக்கும், அந்தக் கூடுதல் தொகைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. அந்த வகையில் மட்டும் 2,700 ரூபாய்க்கு மேல் போனது. இந்தக் கூடுதலைப் பிறகு எந்த அலுவலகமும் திருப்பித் தரவில்லை. அதைவிட, "ரசீது உன் பேர்ல இருக்கு, கார்டு வேற பேர்ல இருக்கே" என்று பின்னால் கல்லூரிக் கணக்குப் பிரிவில் கேட்டார்கள். அண்ணனிடமிருந்து ஒரு கடிதம், அவர் கார்டு அறிக்கை, நான் அவருக்குப் பணம் கொடுத்ததற்கான வங்கிச் சான்று என்று மூன்று காகிதம் கூடுதலாகப் போனது. முடிந்தவரை உங்கள் பெயரில் இருக்கும் கார்டில் கட்டுங்கள். முடியாவிட்டால் கட்டுகிற அன்றே அந்தக் கடிதத்தை எழுதி வாங்கி வைத்துவிடுங்கள்.

இனிமேல்தான் பணம் தேடிய கதை. பயண உதவி என்று ஒன்று இருக்கிறது என்பதே எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரிய வந்தது. ஏ.சி.எம். என்ற உலகக் கணினியியல் சங்கத்தின் இந்தியப் பிரிவான ஏ.சி.எம். இந்தியாவும், ஐ.ஏ.ஆர்.சி.எஸ். என்ற இந்தியக் கணினி அறிவியல் ஆராய்ச்சிச் சங்கமும் சேர்ந்து, இந்தியாவில் படிக்கும் ஆய்வு மாணவர்கள் வெளிநாட்டு மாநாட்டில் பேப்பர் வாசிக்கப் பயண உதவி தருகின்றன. கணினி அறிவியல் மாணவர்களுக்கு இதுதான் முதலில் தட்ட வேண்டிய கதவு. ஆனால் தவணை தவணையாகத்தான் விண்ணப்பம் வாங்குவார்கள். எனக்கு இந்தச் செய்தி வந்தபோது என் மாநாட்டுக்கு உரிய தவணை முடிந்திருந்தது. பெரிய நிறுவனங்களில் முந்தின ஆண்டு போய்வந்த சீனியர் ஒருவர் பக்கத்து மேசையில் இருப்பார். "இந்த வாரம் போட்டுவிடு" என்று அவர் சொல்லிவிடுவார். எங்களைப் போன்ற இடங்களில் அந்தச் சீனியர் இல்லை. அறிவிப்பு எல்லாருக்கும் பொதுவாகத்தான் வெளியாகிறது, ஆனால் அது வந்திருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லாதவர்களுக்கு அது வராததற்குச் சமம். அந்த வாரம் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

பெண்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏ.சி.எம்.-இன் பெண்கள் பிரிவான ஏ.சி.எம்.-டபிள்யூ., கணினி அறிவியல் படிக்கும் மாணவிகள் ஆய்வு மாநாட்டுக்குப் போக உதவித்தொகை தருகிறது. அதே கண்டத்துக்குள் பயணம் என்றால் 600 டாலர் வரை, கண்டம் விட்டுக் கண்டம் என்றால் 1,200 டாலர் வரை. பேப்பர் இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை, முதல் பட்டம் படிக்கிறவர்களும் கேட்கலாம். ஆண்டில் பல முறை விண்ணப்பம் வாங்குகிறார்கள். இதை நான் தெரிந்துகொண்டது எங்கே தெரியுமா? மாநாட்டு அரங்கில், தேநீர் இடைவேளையில், வட இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு மாணவி சொல்லித்தான். அவர் அந்தப் பணத்தில்தான் வந்திருந்தார். 1,200 டாலர் என்றால் அப்போது கிட்டத்தட்ட 1 லட்சம் ரூபாய். அன்று இரவு விடுதி அறையில் அழுதேன். பணத்துக்காக மட்டும் அழவில்லை, ஊரில் யாருக்குமே இது தெரியவில்லையே என்ற ஆற்றாமை.

துறைவாரியாகவும் உதவிகள் உண்டு. நிரலாக்க மொழிகள் பக்கம் இருப்பவர்களுக்கு ஏ.சி.எம். சிக்பிளான் அமைப்பின் மாணவர் பயண நிதி இருக்கிறது. மனிதர்-கணினி ஊடாட்டத் துறையில் சிக்கை அமைப்பு கேரி மார்ஸ்டன் பெயரில் பயண விருது கொடுக்கிறது. பேச்சுத் தொழில்நுட்பத்தில் ஐ.எஸ்.சி.ஏ. சங்கம் மாணவர்களுக்கு நிதி ஒதுக்குகிறது. ஏ.சி.எம். மாநாடுகள் பலவற்றில் மாணவர் ஆய்வுப் போட்டி நடக்கும், அதில் தேர்வானால் பயணத்துக்கு 500 டாலர் வரை கிடைக்கும். இவற்றில் உங்கள் துறைக்கு எது என்று ஒரே ஒரு நாள் உட்கார்ந்து தேடி எழுதி வையுங்கள். எல்லா உதவியும் எல்லாருக்கும் பொருந்தாது, சிலவற்றுக்கு உறுப்பினராக இருக்க வேண்டும். மாணவர் உறுப்பினர் சந்தா பெரிய தொகை இல்லை, ஆனால் விண்ணப்பிக்கும் நாளில் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். அதனால் முன்கூட்டியே சேர்ந்துவிடுவது நல்லது.

அரசு உதவி பற்றியும் சொல்கிறேன். அப்போது எஸ்.இ.ஆர்.பி. என்ற அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் பேப்பர் வாசிக்கப் போகிறவர்களுக்குப் பயண உதவி கொடுத்துவந்தது. 2024-இல் அது ஏ.என்.ஆர்.எஃப். என்கிற அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்துக்குள் சேர்ந்துவிட்டது. எனவே பழைய வழிகாட்டிகளை நம்பாமல் புதிய அமைப்பின் விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். சி.எஸ்.ஐ.ஆர். மூலமும் மாணவர்களுக்குப் பயண உதவி இருந்திருக்கிறது. இந்த மாதிரி அரசு விண்ணப்பங்களுக்கெல்லாம் நிறுவனத் தலைவரின் ஒப்புதல் கையெழுத்து வேண்டும். என் ஃபைல் துறையிலிருந்து டீன் அலுவலகம், அங்கிருந்து முதல்வர் அலுவலகம் என்று நகர்ந்து, ஒரு கட்டத்தில் முதல்வர் வெளியூரில் இருக்கிறார் என்று அப்படியே நின்றுவிட்டது. கையெழுத்தாகி வந்தபோது விண்ணப்பிக்கும் காலம் முடிந்திருந்தது. ஒப்புதல் கடிதத்தின் மாதிரியைப் பேப்பர் அனுப்பும்போதே தட்டச்சு செய்து, மாநாட்டின் பெயர், தேதி, பேப்பர் தலைப்பு எல்லாம் போட்டுத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். தேர்வான மறுநாள் கையெழுத்துக்குப் போக வேண்டும். முதல்வர் இல்லாதபோது கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு என்பதையும் கேட்டு வையுங்கள்.

அந்த ஜூன் கடைசியில்தான், ஐந்து ஆண்டுகளில் ஆராய்ச்சிக்கு 50,000 கோடி என்று மேலே சொன்ன தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தை உருவாக்கும் மசோதாவுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த செய்தி வந்தது. எல்லாரும் எனக்கு அனுப்பினார்கள், "உனக்குத்தாம்மா இது" என்று. அதில் 36,000 கோடி தனியார் துறை போன்ற பிற வழிகளிலிருந்து வர வேண்டிய தொகை என்பதும், சட்டம் வந்து, அமைப்பு உருவாகி, திட்டங்கள் அறிவிக்கப்பட்டு, அதில் ஒரு மாணவிக்கான உதவி பிறப்பதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதும் தலைப்புச் செய்தியில் தெரியாது. 2024-இல் செயற்கை நுண்ணறிவுக்கான இந்திய ஏ.ஐ. இயக்கத்துக்கு 10,000 கோடிக்கு மேல் ஒதுக்கியபோதும் இப்படியேதான். அந்தப் பணத்தால் நாட்டில் நல்ல வேலைகள் நடக்கும், நடக்கவும் வேண்டும், அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் உங்கள் பயணத்துக்குப் பணம் தரப்போவது யாரும் பேசாத சின்னச் சின்ன அறிவிப்புகள்தான். உங்களுக்கு உள்ள நேரத்தை அவற்றைத் தேடச் செலவிடுங்கள்.

நமக்குள்ளேயே எவ்வளவு பெரிய இடைவெளி இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 2023-இல் பிரதமர் ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு முதல் இரண்டு ஆண்டு மாதம் 70,000 ரூபாயோடு ஆண்டுக்கு 2 லட்சம் ஆய்வு நிதியும் இருந்தது, மாநாட்டுப் பயணம் அதிலேயே நடந்துவிடும். 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். என்ற மத்திய அரசின் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுகிறவருக்கு மாதம் 37,000. கல்லூரி உதவித்தொகையில் இருப்பவருக்கு இப்படித் தனி ஆய்வு நிதி கிடையாது. ஆய்வில் சேரும் முன் உதவித்தொகை எவ்வளவு என்று கேட்கிறோம். கூடவே பயணத்துக்கு ஆண்டுக்கு எவ்வளவு, உச்சவரம்பு என்ன, முன்பணமாகத் தருவார்களா, செலவழித்த பிறகா என்பதையும் கேளுங்கள். என் கல்லூரியில் வரம்பு 25,000 ரூபாய், அதுவும் போய்வந்த பிறகுதான் என்பது பேப்பர் தேர்வான பிறகே எனக்குத் தெரிந்தது.

கடைசியில் கைகொடுத்தது அந்த மாநாடே கொடுத்த மாணவர் நிதி. பேப்பர் தேர்வானவுடன் ஒரு குறுகிய காலத்துக்கு மட்டும் அந்த விண்ணப்பம் திறந்திருக்கும், நெறியாளர் கடிதமும் கேட்பார்கள். மேடம் அன்றே எழுதிக் கொடுத்தார். என் விண்ணப்பத்தில் நான் கஷ்டத்தைப் பற்றி நீளமாக எழுதவில்லை. மொத்தச் செலவு இவ்வளவு, கல்லூரி தருவது இவ்வளவு, வேறு எங்கெல்லாம் கேட்டேன், அங்கே என்ன பதில், மீதி எவ்வளவு குறைகிறது என்று கணக்காக எழுதினேன். படிக்கிறவர்கள் நிறைய விண்ணப்பம் பார்ப்பார்கள், இந்தத் தொகை கிடைத்தால் இந்த மாணவி உண்மையிலேயே வந்துவிடுவார் என்று அவர்களுக்குத் தோன்ற வேண்டும். 600 யூரோ கிடைத்தது. ஆனால் அதுவும் மாநாடு முடிந்த பிறகு ரசீது அனுப்பினால்தான். பணம் வர மாதங்கள் ஆயின. நடுவில் உள்ள வங்கிகள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு 51,000 ரூபாய் சொச்சம்தான் என் கணக்கில் விழுந்தது. வெளிநாட்டிலிருந்து பணம் வரத் தேவையான, வங்கியின் ஸ்விஃப்ட் குறியீட்டையும் கணக்கில் உள்ளபடி பெயரையும் முதல் மின்னஞ்சலிலேயே சரியாகக் கொடுத்துவிடுங்கள். என் பெயரின் முன்னெழுத்து கடவுச்சீட்டில் ஒரு மாதிரியும் வங்கியில் வேறு மாதிரியும் இருந்ததால் ஒரு முறை பணம் திரும்பிப் போனது.

எல்லாமே பின்னால் வரும் பணம். முன்னால் செலவழிக்க அம்மாவின் வளையலையும் ஒரு சங்கிலியையும் வங்கியில் அடகு வைத்தோம். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மீட்கும்போது வட்டியே 12,000 ரூபாய் ஆகியிருந்தது. உதவி கேட்கிற ஒவ்வொரு இடத்திலும் "முன்பணமாகக் கிடைக்குமா? பதிவுக் கட்டணத்தையும் தங்குமிடத்தையும் நீங்களே நேரடியாகக் கட்டிவிடுவீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். சில மாநாடுகள் பதிவுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்துவிடும். கையிலிருந்து போகாத 67,000 ரூபாய், திரும்பி வரும் 67,000 ரூபாயைவிடப் பெரிது.

விசா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும். கட்டணம் அப்போது 80 யூரோ, 2024 ஜூன் முதல் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். கோடையில் நேர்முகத்துக்கு நாள் கிடைப்பதுதான் பெரும்பாடு. எனவே பதிவு செய்த அன்றே அழைப்புக் கடிதம் கேளுங்கள், அதே அன்று நேர்முகத்துக்கு இடம் பிடியுங்கள். கல்லூரியின் தடையில்லாச் சான்றில் நீங்கள் திரும்பி வந்து ஆய்வைத் தொடர்வீர்கள் என்ற வரி இருக்கட்டும்.

எனக்கு மிக அதிக இழப்பு வந்தது விமான டிக்கெட்டில். எங்கள் துறையில் இன்னொரு பேராசிரியர், தன் மத்திய அரசுத் திட்டத்தில் பயணத் தலைப்பில் பணம் மீதம் இருக்கிறது, டிக்கெட் செலவை அதில் வைக்கலாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். ஒரு இணையதளத்தில் 82,000 ரூபாய்க்கு டிக்கெட் எடுத்தேன். அதைவிடக் குறைவாக எங்கும் இல்லை. திரும்பி வந்து பில் வைத்தபோது கணக்குப் பிரிவில் இருந்த அண்ணா பார்த்துவிட்டு, "என்னம்மா, பால்மர் லாரி பில் எங்கே?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏர் இந்தியாவைத் தனியாருக்கு விற்பது என்று முடிவான பிறகு, அரசுச் செலவில் பறக்கிறவர்களின் டிக்கெட்டைப் பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. ஆகிய மூன்று அரசுத் துறை நிறுவனங்களில் ஒன்றின் வழியாகத்தான் எடுக்க வேண்டும் என்று மத்திய நிதியமைச்சகத்தின் உத்தரவு இருக்கிறது. எங்கள் தணிக்கையாளர் திட்டப் பணத்துக்கும் அதையே கேட்டார். விளக்கக் கடிதம் கொடுத்துப் பார்த்தோம், பேராசிரியர் நேரில் போய்ப் பேசினார், ஒன்றும் நடக்கவில்லை. 82,000 ரூபாயும் என் தலையில். டிக்கெட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தாலும், அதில் அரசுப் பணம் ஒரு ரூபாய் கலந்திருந்தால், டிக்கெட் எடுக்கும் முன் கணக்குப் பிரிவுக்குப் போய் "எங்கே எடுக்கணும், எந்தக் காகிதம் வேணும்?" என்று கேட்டு, முடிந்தால் ஃபைலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திட்டப் பணத்தில் வெளிநாடு போக முன் அனுமதி வேண்டுமா என்பதையும் அப்போதே கேளுங்கள். போர்டிங் பாஸைக் கைபேசியில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் கவுன்டரில் அச்சிட்டு வாங்கி, போக வர எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள்.

மாநாடு எப்படி இருந்தது என்று கேட்பவர்களுக்கு, நன்றாக இருந்தது. என் பேப்பரை மேற்கோள் காட்டிய ஒருவரை நேரில் சந்தித்தேன், அவர் மூலம் கிடைத்த தரவுத் தொகுப்பில்தான் என் ஆய்வின் கடைசி அத்தியாயம் நின்றது. போனது வீண் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அங்கே நீல டி-ஷர்ட் போட்டு வழிகாட்டிக்கொண்டிருந்த மாணவர் தன்னார்வலர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில மணி நேர வேலைக்குப் பதிவுக் கட்டணம் இலவசம். பேப்பர் இல்லாதவர்களுக்கு இது அருமையான வழி. பேப்பர் உள்ளவர்களானால், ஆசிரியர் கட்டணத்துக்கு அது ஈடாகுமா என்று முதலில் எழுதிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது என் ஜூனியர்களோடு பேப்பர் அனுப்பும் முன்பே ஒரு தாளில் நான்கைந்து தேதிகளை எழுதுகிறோம். முடிவு எப்போது வரும், ஆசிரியர் பதிவு எப்போது முடியும், ஏ.சி.எம். இந்தியா தவணை எப்போது, ஏ.சி.எம்.-டபிள்யூ. எப்போது, விசாவுக்கு எவ்வளவு நாள் வேண்டும். இவை ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை என்றால் வேறு மாநாட்டைப் பார்க்கிறோம். அடுத்த மாநாடு இந்தியாவிலோ பக்கத்து ஆசிய நாட்டிலோ நடக்கிறதா என்றும் பார்க்கிறோம். "உங்கள் ஆய்வு சிறப்பு, எங்கள் மாநாட்டுக்கு நிதியுதவியோடு வாருங்கள்" என்று துறைக்குச் சம்பந்தமே இல்லாமல் வரும் அழைப்புகளைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அந்த நிதியுதவியைப் பெற முதலில் நாம் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்.

பதிவுக் கடைசி நாள் வந்துவிட்டது, எந்த உதவியும் இன்னும் முடிவாகவில்லை என்ற நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று: கட்டுவதற்கு முன் மாநாட்டுப் பொறுப்பாளருக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். பேப்பர் எண், நீங்கள் மாணவர் என்பது, எந்தெந்த நிதிக்கு விண்ணப்பித்து எந்தத் தேதியில் முடிவை எதிர்பார்க்கிறீர்கள் என்பது, அதுவரை பதிவை நீட்டிக்கவோ கட்டணத்தைக் குறைக்கவோ முடியுமா என்ற கேள்வி, அவ்வளவு போதும். சென்ற ஆண்டு என் ஜூனியர் ஒருத்தி இப்படி எழுதினாள். இரண்டு வாரம் நீட்டித்துக் கொடுத்தார்கள், அதற்குள் அவளுக்கு உதவித்தொகை உறுதியானது.